ஆண்டிமடத்துப் பிள்ளைகளும் ஆங்கிலச் சொற்களும்

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் வட்டாரத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கில நோட்டுகளை வாங்கிப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான் தெரியும். பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், அதன் தலைமேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். இதற்குப் பெயர் ‘வேர்டு மீனிங்’. பள்ளியில் எழுதி, டியூஷனில் ஒப்பித்து, தப்பினால் வீட்டில் இம்போசிஷன் எழுதிப் படிக்கிற படிப்பு இது. முந்திரித் தோப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலிக்குப் போய்வருகிற பெற்றோர் இதில் பிள்ளைக்குக் கைகொடுக்க முடியாது. வீட்டில் அந்த நோட்டுதான் ஆசிரியர், அதுதான் அகராதி. அந்தச் சொற்களில் ஒன்றையாவது வைத்து எழுதிய ஒரு வாக்கியத்தை அதில் தேடினால் கிடைப்பது அரிது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாள் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-உடன் தொடங்குகிறது. முதல் 3 வினா ஒத்த பொருள் தரும் சொல், அடுத்த 3 எதிர்ப்பொருள் தரும் சொல். வினாத்தாளில் அந்தச் சொற்கள் தனியாக நிற்பதில்லை. முழு வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டுத்தான் வருகின்றன. வினா எடுப்பவர் வாக்கியத்தைக் கொடுக்கிறார். கைடு புத்தகம் அதை உரித்துப் போட்டுவிட்டு, சொல்லையும் பொருளையும் ஜோடி ஜோடியாக அடுக்கித் தருகிறது. பட்டியலை உருப்போட்டவர் வாக்கியத்தைப் படிக்காமலேயே விடையை எழுதிவிடலாம். 6 மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். தேர்வு முடிந்த பிறகு அந்தச் சொற்களில் எத்தனை நினைவில் மிஞ்சும், எத்தனையை அந்தப் பிள்ளை பேச்சிலும் எழுத்திலும் எடுத்து ஆளமுடியும் என்பதுதான் என் கவலை. ஒரு சொல்லைக் கற்க அதன் பொருள் விளக்கம் போதுமா, எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமா, இரண்டும் வேண்டுமென்றால் எது எந்த வேலையைச் செய்கிறது? இந்தக் கேள்வியோடு உலகம் முந்நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது. அதில் அரியலூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பொருளை மனப்பாடம் செய்வது ஆங்கிலத்தோடு வந்த பழக்கமல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டு உருப்போட்டவர்கள் நம் முன்னோர். திவாகரம், பிங்கலம், பிறகு மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு என்று, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளாகக் கட்டிவைத்தார்கள். ஆனால் அந்த நிகண்டு ஏற்கெனவே தமிழ் பேசுகிற சிறுவனுக்காக எழுதப்பட்டது. ஞாயிறு, கதிரவன், பரிதி என்று அவன் உருப்போட்ட பெயர்கள் கதாகாலட்சேபத்திலும் கூத்திலும் கோயில் பாட்டிலும் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தன. சொல் புழங்கும் வாக்கியங்களை ஊர் கொடுத்தது. நிகண்டு பெயர்களை மட்டும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. வீட்டிலும் தெருவிலும் ஓர் ஆங்கில வாக்கியம்கூடக் காதில் விழாத பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் கற்பிக்க அதே முறையை எடுத்துக்கொண்டோமே, அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

நிகண்டின் செய்யுளை அவிழ்த்துச் சொற்களை அகர வரிசையில் வைத்தவர், இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்து பணிசெய்த வீரமாமுனிவர். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக அவர் 1732-ல் முடித்த சதுரகராதி 1824-ல் அச்சேறியது. இத்தாலியில் பிறந்து, வளர்ந்து ஆளான பிறகு தமிழ் கற்றவர் அவர். காதோடு வராத மொழியைக் கண்ணால் கற்பவருக்குத் தேவைப்படுவது என்ன என்பது அவருக்குத் தன் அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். தமிழ்–இலத்தீன் அகராதியும் செய்தார். அதோடு நில்லாமல், பேச்சுத் தமிழ் பழக வரும் பாதிரிமார் படிப்பதற்கென்றே பரமார்த்த குரு கதையை எழுதினார் என்பது ஆய்வாளர் கருத்து. நாம் சிரித்துப் படித்த மட்டியும் மடையனும் அயல்மொழி மாணவருக்காகப் பிறந்தவர்கள். சொல்லின் பொருளுக்கு அகராதி, அது புழங்கும் விதத்துக்குக் கதை என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்த அந்த ஏற்பாடு, இன்றைய மொழிக் கல்வியியல் நெடுந்தூரம் சுற்றி வந்து சேர்ந்திருக்கும் இடம்.

அவருக்குப் பின் வந்த இருமொழி அகராதிகள் பொருளின் பக்கமே சாய்ந்தன. வேப்பேரியில் 1779-ல் அச்சான பப்ரிஷியஸின் தமிழ்–ஆங்கில அகராதி, 1862-ல் வந்த வின்ஸ்லோவின் பேரகராதி, 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் எல்லாம் பெரும் உழைப்பு. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் அலமாரியில் இடம்பிடித்த லிஃப்கோ அகராதி, ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தந்து எத்தனையோ பேரைக் கரையேற்றியது. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வந்த சொல்லுக்குப் பொருள் தேடுகிறவருக்குத்தான் அவை முழுப் பயன் தரும். வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழில் முழுமையாக வடிவம் பெற்றது 1992-ல், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில். பொருளைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்திலும் தந்து, கூடவே அந்தச் சொல் இன்று எப்படி எழுதப்படுகிறது என்பதை வாக்கியத்தால் காட்டியது அது.

ஆங்கில அகராதிக்கும் இந்தப் பாதை எளிதாக அமையவில்லை. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி நூலாசிரியர்களின் மேற்கோள்களை லட்சத்துக்கு மேல் அடுக்கியது. ஆனாலும் வலைப்பின்னல் போன்ற சாதாரணப் பொருளுக்கு அவர் எழுதிய விளக்கம் அந்தச் சொல்லைவிடப் பல மடங்கு கடினம். தெரியாத ஒரு சொல்லைத் தெரியாத நான்கு சொற்களால் விளக்கும் இந்தக் குற்றத்தை நேராகப் பிடித்துத் திருத்தியவர், வங்காளத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். 1926-ல் அவர் வெளியிட்ட இருமொழிக் கல்வி பற்றிய நூலில் கேட்ட கேள்வி இன்றைய ஆண்டிமடத்துக்கும் அப்படியே பொருந்தும்: படிப்பை நடுவில் விட்டுப்போகிற பிள்ளை, அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன பெற்றுக்கொண்டு போகிறது? இன்சூரன்ஸ் பாலிசியை இடையில் நிறுத்தினால் கையில் வரும் தொகையைக் குறிக்கும் ‘சரண்டர் வேல்யூ’ என்ற சொல்லையே இதற்கும் அவர் ஆண்டார். எந்த வகுப்பில் நிறுத்தினாலும் அதுவரை கற்றது உதவ வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கொள்கையின் வழியில் 1935-ல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து ஓர் அகராதி செய்தார். 1,490 எளிய சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு 24,000 பதிவுகளுக்கு விளக்கம் எழுதியது அது. அந்த 1,490 தெரிந்த பிள்ளை மீதி எல்லாவற்றையும் தானே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த அடி ஜப்பானில் விழுந்தது. டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942-ல் வெளியிட்ட அகராதி, சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும், அதன்பின் என்ன வரும் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. அதுவே 1948-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி, நம் ஆசிரியர்கள் பலரின் மேசையில் இன்றும் இருக்கும் மாணவர் அகராதியாக வளர்ந்தது. 1978-ல் லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987-ல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேரின் குழு செய்த கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது: ஒருவர் இன்னது செய்தால் அவர் இன்னது செய்கிறார் என்கிறோம், என்ற பாணியில். இது நமக்குப் புதிதில்லை. “மாடு தின்னதத் திரும்ப வாயில கொண்டாந்து மெல்லுது பாரு, அதத்தான் அசை போடுதுன்னு சொல்றது” என்று பிள்ளைக்குச் சொல்லும் ஆயாவின் விளக்கத்தில் பொருளும் வாக்கியமும் காட்சியும் ஒன்றாகவே வருகின்றன.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987-ல் எழுதிய கட்டுரையை ஒவ்வோர் ஆங்கில ஆசிரியரும் படிக்க வேண்டும் என்பேன். ஐந்தாறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அகராதி விளக்கத்தை மட்டும் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். அரித்தல் என்ற பொருளுடைய ‘எரோட்’ என்ற சொல்லுக்கு அகராதி ‘ஈட் அவுட்’ என்று ஒரு விளக்கம் வைத்திருந்தது. அது ஓட்டலில் சாப்பிடுவதையும் குறிக்கும் அல்லவா? ஒரு பிள்ளை, தன் குடும்பம் அடிக்கடி ‘எரோட்’ செய்யும் என்று எழுதியது. ‘ஸ்டிமுலேட்’ என்றால் கிளறிவிடுதல் என்று படித்த இன்னொரு பிள்ளை சூப்பை ‘ஸ்டிமுலேட்’ செய்ததாக எழுதியது. இவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கத்திலிருந்து தனக்குத் தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, அதன் இடத்தில் புதுச் சொல்லைப் பொருத்துவது பிள்ளை மனத்தின் இயல்பு. நம் நோட்டின் வலப்பக்கத்தில் இருப்பதோ அந்த ஒற்றைத் துண்டு மட்டும்தான்.

அப்படியானால் விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாக்கியத்தை மட்டும் கொடுக்கலாமா? அதுவும் தேறவில்லை. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் பாட்டியா லாஃபர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்கள் புதுச் சொல்லைப் புரிந்துகொள்ள, எடுத்துக்காட்டை மட்டும் பார்ப்பதைவிட விளக்கத்தை மட்டும் பார்ப்பது அதிகம் உதவியது. இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் மிக அதிகம். கதை படிக்கும்போதே சொல் தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. வில்லியம் நேகி, ரிச்சர்ட் ஆண்டர்சன் குழுவினர் 1980-களில் அமெரிக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வின்படி, படிக்கும்போது ஒருமுறை எதிர்ப்பட்ட புதுச் சொல்லின் பொருள் தங்கிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 20-ல் 1 தான். ஆண்டு முழுதும் லட்சக்கணக்கான சொற்களைப் படித்துத் தள்ளும் பிள்ளைக்கு அந்த 20-ல் 1 போதும். பாடநூலைத் தவிர வேறு ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்காத பிள்ளைக்குப் போதாது. நாளிதழையோ நாவலையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். அவ்வளவையும் பள்ளியிலேயே கற்பித்துவிட முடியாது. ஆகவே பள்ளியில் கற்பிக்கும் சில நூறு சொற்களை எப்படிக் கற்பிக்கிறோம் என்பது மிக முக்கியமாகிறது; மீதியைப் பிள்ளை தானே பிடிக்கக் கற்பது இங்கிருந்துதான்.

பத்தாம் வகுப்பின் முதல் உரைநடைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். லியாம் ஓ ஃப்ளாஹர்ட்டியின் கதை: பறக்கப் பயந்த கடற்காக்கைக் குஞ்சு ஒன்று பாறைச் சரிவில் தனியாக நிற்கிறது. அது நிற்கும் இடத்துக்கு ‘லெட்ஜ்’ என்று பெயர். நோட்டில் ‘விளிம்பு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். விளிம்பு என்றால் தட்டுக்கும் உண்டு, துணிக்கும் உண்டு, பக்கத்துக்கும் உண்டு. சாப்பாட்டுத் தட்டின் ‘லெட்ஜ்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் நோட்டின்படி அது சரி. அகராதியைப் பார்த்தால் சுவரிலோ பாறையிலோ நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய தட்டு என்று இருக்கும். இது மேல். ஆனால் கடலோரப் பாறைச் சரிவைச் செம்மண் பூமியில் வளரும் பிள்ளை எங்கே பார்த்தது? பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. வயற்காட்டுப் பழைய கிணற்றை அது எட்டிப் பார்த்திருக்கும். உட்சுவரில் கல் பெயர்ந்து நீட்டிய இடத்தில் புறா அடைந்திருக்கும். ‘கிணற்றுக்குள் ஒரு லெட்ஜில் புறா உட்கார்ந்திருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தை ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டால், சொல்லின் வடிவமும் இடமும், அதற்கு முன்னால் ‘ஆன்’ வரும் என்ற இலக்கணமும் சேர்ந்தே வந்துவிடும். குஞ்சு ஏன் கீழே பார்த்துப் பயந்தது என்பதும் விளங்கிவிடும். அந்தப் பயம் விளங்காமல் அந்தக் கதையைப் படித்து என்ன பயன்?

தமிழ்ப் பொருள் கொடுத்தாலே எளிது என்று எண்ணுவதும் சரியில்லை. ‘ஃபாசில்’ என்பதற்கு நோட்டில் புதைபடிவம் என்றோ தொல்லுயிர் எச்சம் என்றோ இருக்கும். அந்தத் தமிழ்ச் சொற்களும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைப் போலவே புதியவை. புரியாத ஒன்றுக்குப் புரியாத இன்னொன்றை ஈடாக எழுதிவைத்திருக்கிறது. இத்தனைக்கும் அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு இந்தச் சொல் உலகில் வேறு எவரைவிடவும் நெருக்கமானது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் சுருண்ட நத்தை போன்ற அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூரில் கல்லாகிப்போன மரமே கிடக்கிறது. ‘எப்போதோ செத்துப் புதைந்த உயிரின் உருவம் கல்லில் பதிந்திருந்தால் அதை ஃபாசில் என்பார்கள்’ என்ற விளக்கம், ‘எங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஃபாசில்கள் கிடைக்கின்றன’ என்ற ஆங்கில வாக்கியம், முடிந்தால் ஒருமுறை வாரணவாசிக்கு அழைத்துப்போதல். இவ்வளவும் செய்தால் பிறகு ‘ஃபாசில் ஃப்யூயல்’ என்று அறிவியல் பாடத்தில் வரும்போது, ஜெயங்கொண்டத்து நிலத்தடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரியோடு பிள்ளையே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

முந்திரியும் அப்படித்தான். கொட்டையை உடைத்துப் பருப்பெடுப்பது இந்த வட்டாரத்தில் வீட்டுத் தொழில். ஓட்டின் பால் பட்டால் கை வெந்துபோகும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ‘ஷெல்’, ‘கெர்னல்’ என்ற இரு சொற்களை அங்கிருந்து தொடங்கினால் விளக்கமே தேவைப்படாது. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் போதும். பேச்சில் உண்மையின் சாரத்தையும் ஆங்கிலத்தில் ‘கெர்னல்’ என்பார்கள் என்று அடுத்த வாரம் சொல்லலாம். தொட்டறிந்த பொருள் முதலில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத பொருள் அதன்மேல் ஏறி நிற்கும்.

ஏற்கெனவே தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் உண்டு. அவை வரமாகவும் அமையும், வழியையும் மறிக்கும். ‘கரண்ட்’ என்றால் ஆண்டிமடத்தில் மின்சாரம். ஆற்று நீரின் ஓட்டத்துக்கும் இப்போது நடப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வரும்போது, தெரிந்த சொல் என்று நினைத்தே பிள்ளை தவறாகப் படிக்கிறது. தெரியாத சொல்லென்றால் யாரையாவது கேட்கும். தெரிந்ததாக நினைத்ததைக் கேட்காது. இத்தகைய சொற்களுக்குப் பொருள் எழுதுவது வீண். மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு தானே தெரியும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே விளக்க வேண்டும், வகுப்பில் தமிழ் வாடை வரக்கூடாது என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. வெஸ்டின் 1,490 சொற்கள் கைவராத பிள்ளைக்கு ஆங்கில விளக்கம் மூடிய கதவு. லாஃபரும் ஷ்முவேலியும் 1997-ல் செய்த ஆய்விலும் தாய்மொழியில் பொருள் தரப்பட்ட சொற்கள்தான் அதிகம் நினைவில் நின்றன. தமிழில் விளக்கலாம், விளக்கத்தான் வேண்டும். என் குறையெல்லாம் விளக்கம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியதைப் பற்றியது. விளக்கம் தமிழில் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும், எடுத்துக்காட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதன் கீழே பிள்ளை தானே எழுதிய இரண்டாவது ஆங்கில வாக்கியம் இருக்கட்டும். அது தப்பும் தவறுமாக இருந்தால்தான் ஆசிரியருக்குத் தெரியும், பிள்ளை எந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டது என்று. குடும்பம் ‘எரோட்’ ஆன கதை வெளியே வந்ததே எழுதச் சொன்னதால்தான்.

நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எல்லா வாக்கியத்தையும் திருத்துவது நடக்கிற காரியமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடத்துக்கு முப்பது சொல் எழுதவைக்கும் இடத்தில் எட்டு போதும். மறுவாரம் அதே எட்டையும் புது வாக்கியத்தில், மறுமாதம் இன்னொரு முறை. படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். ஒரே இரவில் பத்துமுறை எழுதுவதைவிட, இடைவெளி விட்டு நாலுமுறை சந்திப்பது நினைவில் அதிகம் நிற்கும். கைப்பேசி வந்தபின் பொருள் தேடுவது நொடி வேலையாகிவிட்டது. கேமராவைக் காட்டினாலே பக்கம் முழுதும் தமிழாகிறது. நல்லதுதான். ஆனால் பக்கம் மொத்தமாகத் தமிழானால் ஆங்கிலச் சொல்லைக் கண் தொடவே இல்லை. அதே கைப்பேசியில் ஒரு சொல்லுக்கு ஐந்து வாக்கியம் கேட்டு வாங்கவும் முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

பொருளே எழுத முடியாத சொற்கள் சிலவும் மிச்சமிருக்கின்றன. ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’ போன்ற இணைப்புச் சொற்கள். அதே 14 வினாக்களில் ஒன்று இவற்றுக்கானது. ‘ஆல்தோ’ என்பதற்கு நோட்டில் ‘இருந்தபோதிலும்’ என்று இருக்கும். இதைப் படித்த பிள்ளைகள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஆல்தோ’வையும் நடுவில் ‘பட்’டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், கல்லூரிக்குப் போன பிறகும். காரணம் இருக்கிறது. தமிழில் இந்த வேலையைச் செய்வது தனிச் சொல்லல்ல, வினையின் வாலில் ஒட்டும் ஓர் ‘உம்’. பூக்கிற மாசியில் மழை பெய்தும் முந்திரி நன்றாகக் காய்த்தது என்கிறோம். ‘பெய்தும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’தான் ‘ஆல்தோ’. அது வந்துவிட்டால் ‘ஆனால்’ வேண்டியதில்லை. தமிழிலும் ‘மழை பெய்தும், ஆனால் காய்த்தது’ என்று எவரும் சொல்வதில்லை. இதை விளங்கவைக்க அகராதியால் ஆகாது. கரும்பலகையில் இரு மொழி வாக்கியங்களையும் மேலும் கீழுமாக எழுதி, ‘உம்’மிலிருந்து ‘ஆல்தோ’வுக்கு ஒரு கோடு இழுத்துக்காட்ட வேண்டும். பிறகு, தண்ணீர் இறைத்தும், உரம் போட்டும், விலை ஏறியும் என்று பிள்ளைகளையே வரிசையாகச் சொல்லவைத்து ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், அந்தப் ‘பட்’ ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும்.